செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்கள்: வேளாண் கட்டடங்களும் தொடக்கக் காலக் காலனியக் குடியிருப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டை பெரும்பாலும் போர் வரலாற்றின் சின்னமாகவே அறியப்படுகிறது. அதன் மதில்களுக்குள் எஞ்சியுள்ள நெற்களஞ்சியங்கள், குளங்கள், பேட்டைகள் ஆகியவை ஒரு வேளாண் குடியிருப்பின் உறுப்புகளாக இதுவரை போதிய அளவு நோக்கப்படவில்லை. சோழமண்டலக் கடற்கரையில் தோன்றிய தொடக்கக் காலக் காலனியக் குடியிருப்புகள் பலவற்றுக்கு உரிமை வழங்கிய இடம் செஞ்சியே என்பதையும், பின்னர் அக்குடியிருப்புகளே செஞ்சியைக் கைப்பற்றியதையும், நிலவரி நெல்லிலிருந்து பணத்திற்கு மாறியபோது களஞ்சியங்கள் பயனிழந்ததையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, நெற்களஞ்சியம், கொட்டாரம், அம்பாரம், கிடங்கு, மேல்வாரம், தேவனாம்பட்டினம், புதுச்சேரி, ரயத்துவாரி

முன்னுரை

2025ஆம் ஆண்டு சூலை மாதம் பாரிசில் நடைபெற்ற உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வில், ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இவ்வறிவிப்பை வரவேற்றோர் பலர். செஞ்சியை மராத்தியக் கோட்டை எனல் தகுமா என வினவியோரும் உளர். 1677இல் சிவாஜி கைப்பற்றியது முதல் 1698இல் முகலாயர் வசம் சென்றது வரை, ஏறத்தாழ இருபத்தோராண்டுகளே செஞ்சி மராத்தியர் ஆட்சியில் இருந்தது. அதற்கு முன்னர் விஜயநகரப் பேரரசின் கீழும் பின்னர் தனித்தும் ஆண்ட நாயக்கர்களும், 1649 முதல் பீசப்பூர் சுல்தான்களும் அதனை வைத்திருந்தனர்.

ஆயினும் பெயரில் கருதத்தக்க சொல் ‘மராத்திய’ என்பதைக் காட்டிலும் ‘இராணுவ’ என்பதே ஆகும். ஒரு கோட்டையை இராணுவ நிலக்காட்சி என வகைப்படுத்தும்போது மதிலும் கொத்தளமும் பீரங்கியும் முன்னிலை பெறுகின்றன. களஞ்சியம் முற்றுகைக் காலச் சேமிப்பிடமாகச் சுருங்குகிறது. குளம் படைவீரரின் குடிநீராகச் சுருங்குகிறது. மூன்று குன்றுகளுக்கும் இடைப்பட்ட வயல்கள் வெற்றிடமாகக் கருதப்படுகின்றன. செஞ்சியின் கட்டடத் தொகுதியில் நெல்லோடு தொடர்புடையவை எத்துணை இடம் பெறுகின்றன என்பதை நோக்கினால், இவ்வாசிப்பு போதாது என்பது விளங்கும்.

கோட்டைக்குள் ஊர்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அது வளைத்துள்ள பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். காவல் ஒன்றே நோக்கமாயின் குன்றுகளை மட்டும் அரண் செய்தல் போதும். இடைப்பட்ட சமநிலத்தையும் சேர்த்து வளைத்தமைக்குக் காரணம் அந்நிலத்தில் ஊர் இருந்தமையே ஆகும். 1597இல் செஞ்சிக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, தாம் இந்தியாவில் கண்டவற்றுள் மிகப்பெரிய நகரம் இது எனவும், போர்த்துகலில் லிஸ்பன் ஒன்றைத் தவிர வேறெந்த நகரினும் பெரியது எனவும் எழுதினார். அவர் வந்தபோது ஆட்சியிலிருந்தவர் கிருஷ்ணப்ப நாயக்கர். பயணிகளின் வியப்புரையில் மிகை இருத்தல் இயல்பு. எனினும் அவர் கண்டது ஒரு படைமுகாமினை அன்று, மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரத்தை என்பதில் ஐயமில்லை.

அந்நகரின் எச்சங்கள் இன்றும் உள்ளன. இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக்கூடம், களஞ்சியம், ஆனைக்குளம் ஆகியவை ஒரே தொகுதியாக அமைந்துள்ளன. சற்று விலகிச் சக்கரகுளமும் செட்டிகுளமும் உள்ளன. கீழைப்பகுதியில் முத்தியாலு நாயக்கர் எடுப்பித்த வேங்கடரமணர் கோயிலும், சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் நிற்கின்றன. கல்யாண மகாலின் மேல் தளங்களுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் ஏற்றப்பட்டது எனக் கூறப்படுகிறது. வழிகாட்டிகள் இதனை அரண்மனை மகளிரின் வசதியாக மட்டும் விளக்குவது வழக்கம். குளம், மதகு, குழாய், வாய்க்கால் என்னும் நீர் மேலாண்மை முழுவதன் ஒரு கிளையே அது என்பது வேளாண் பகுதிகளில் வளர்ந்தோர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

மக்கள் நினைவு வேறொரு தேர்வினைச் செய்துள்ளது. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட தேஜ்சிங், தேசிங்குராசனாகக் கதைப்பாடலில் வாழ்கிறான். அவனது குதிரையும் நட்பும் மனைவி தீப்பாய்ந்ததும் தமிழகமெங்கும் பாடப்பட்டன. அப்போரின் உடனடிக் காரணம் கட்டப்படாத நிலவரிப் பாக்கி என்பதைக் கதை கேட்போர் பெரிதும் எண்ணுவதில்லை. வீரக்கதையின் அடியிலும் நெற்கணக்கு ஒன்று கிடந்தது.

களஞ்சியம், கொட்டாரம், அம்பாரம், கிடங்கு

தானியச் சேமிப்பிடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள், அதன் அளவுக்கும் உடைமைக்கும் ஏற்ப வேறுபடுகின்றன. வீட்டளவில் குதிர், பத்தாயம், சேர் ஆகியன உள்ளன. குதிர் மண்ணால் ஆனது. பத்தாயம் மரத்தால் ஆனது. சேர் வைக்கோற்பிரியால் சுற்றிக் கட்டப்படுவது. ஊரளவிலும் கோயில், அரசு அளவிலும் களஞ்சியம், கொட்டாரம் என்னும் சொற்கள் வழங்கின. கொட்டாரம் என்பது கோஷ்டாகாரம் என்னும் வடசொல்லின் திரிபு. திருவரங்கம் கோயிலின் வட்ட வடிவச் செங்கற் களஞ்சியங்கள் இன்றும் கொட்டாரம் என்றே அழைக்கப்படுகின்றன.

அம்பாரம் பாரசீகச் சொல். களத்தில் குவித்த நெல்லையும், அது சேரும் இடத்தையும் அது குறிக்கும். மராத்தியக் கோட்டைகளில் களஞ்சியத்திற்கு வழங்கும் ‘அம்பர்கானா’ என்னும் பெயரும் இதன் வழிப்பட்டதே. யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியோடு இடம்பெற்றுள்ள பன்காலா கோட்டையில் கங்கை, யமுனை, சரசுவதி என்னும் பெயருடைய மூன்று அம்பர்கானாக்கள் உள்ளன. உணவு சேரும் இடத்திற்கு ஆற்றின் பெயரை இட்டமை நோக்கத்தக்கது. அவற்றுள் பெரியதாகிய கங்கைக் களஞ்சியத்தின் உயரம் 10.7 மீட்டர்; பரப்பு ஏறத்தாழ 950 சதுர மீட்டர்.

நான்காவது சொல்லாகிய கிடங்கு தனித்து ஆராய்தற்குரியது. சங்க இலக்கியத்தில் கிடங்கு என்பது அகழியைக் குறித்தது. செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றுள்ள கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடனின் ஊர். அவ்வூர்ப் பெயரும் அகழி சூழ்ந்த அரணையே நினைவூட்டுகிறது. பிற்காலத்தில் அதே சொல் சரக்கு வைக்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. கடல் வணிகத்தின் வழியே மலாய் மொழியில் ‘குடாங்’ எனவும், ஐரோப்பியர் வாயில் ‘கோடவுன்’ எனவும் வழங்கும் சொல்லுக்குத் தமிழ், தெலுங்கு மூலத்தைக் காட்டும் அறிஞர் உளர். களஞ்சியத்திற்கும் கிடங்கிற்கும் இடையிலுள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. களஞ்சியத்தில் சேர்வது வரியாக வந்து, ஊதியமாகவும் உணவாகவும் அங்கேயே பகிரப்படும் தானியம். கிடங்கில் சேர்வது விலைக்கு வாங்கி வெளியே அனுப்பப்படும் சரக்கு. செஞ்சி களஞ்சியத்தின் ஊர். கடலூரும் புதுச்சேரியும் கிடங்கின் ஊர்கள்.

கட்டட அமைப்பும் பயன்பாடும்

செஞ்சியில் களஞ்சியங்கள் ஓரிடத்தில் மட்டும் அமையவில்லை. இராஜகிரியின் அடிவாரத்திலும், ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியிலும், கிருஷ்ணகிரியின் மேலும் அவை உள்ளன. கிருஷ்ணகிரியில் எண்ணெயும் நெய்யும் சேமித்ததாகக் கூறப்படும் தொட்டிகளும் காணப்படுகின்றன. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், வளைவுக் கூரை, மிகக் குறைந்த திறப்புகள் என்பன இக்கட்டடங்களின் பொது இயல்புகள்.

இவ்வமைப்பு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நெல்லுக்கு முதற்பகை ஈரம். ஈரமான நெல்லைக் குவித்தால் குவியலின் உள்ளே வெப்பம் ஏறிப் பூஞ்சை பற்றும். உமியோடு கூடிய நெல், நன்கு காய்ந்திருப்பின் அரிசியைவிட நெடுங்காலம் கெடாது நிற்கும். ஆகவே களஞ்சியத்தில் வைக்கப்பட்டது நெல்லே, அரிசி அன்று; தேவைக்கேற்பக் குத்திக்கொள்வர். தடித்த சுவர் பகலின் வெப்பத்தையும் இரவின் குளிர்ச்சியையும் உள்ளே விரைந்து புகவிடாது தடுத்தலால் சுவரின் உட்புறத்தில் நீர் வியர்ப்பது குறையும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஓரளவு உறிஞ்சுவதோடு பூச்சிகள் ஒதுங்கும் வெடிப்புகளையும் மூடும். வளைவுக் கூரையில் மரம் இல்லை. எனவே கரையானுக்கு இரையில்லை, எறியப்படும் தீக்கணைக்கும் பற்றுவதற்கு ஒன்றில்லை. தூண்கள் நெருங்கிய பழைய மண்டபப் பாணியில் இத்தகைய பெருவெளி கிடைப்பதரிது. தக்காணத்துச் சுல்தானிய மரபில் வளர்ந்த வளைவுக் கட்டடக் கலையை விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் அரசுக் கட்டடங்களில் கையாண்டதன் பயன் இது. கோயில்களில் கல்தூண் மரபினையே தொடர்ந்தவர்கள் களஞ்சியத்திலும் லாயத்திலும் அரண்மனையிலும் வளைவினை ஏற்றமை, அவர்தம் நடைமுறை அறிவினைக் காட்டும்.

மேலிருந்து கொட்டிக் கீழிருந்து எடுக்கும் முறை பெருங்களஞ்சியங்களின் மற்றொரு சிறப்பு. பன்காலாவில் ஒவ்வொரு பகுதியின் உச்சியிலும் தானியம் கொட்டத் துளை உண்டு. அதனை அடையப் படிகளும் உண்டு. இம்முறையால் முன்னர் வந்த நெல் முன்னர் வெளியேறும். பழைய நெல் அடியில் தேங்கி வீணாவதில்லை. தஞ்சை நாயக்கர் காலத்ததாகிய பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் களஞ்சியம் 3000 கலம் நெல் கொள்ளும் எனப்படுகிறது. கூம்பிய வட்டக் கூரையுடைய அதனைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. காவிரிச் சமவெளியில் களஞ்சியம் ஆற்றங்கரையில் நின்றது. மழையையும் ஏரியையும் நம்பிய செஞ்சி நாட்டிலோ அது குன்றேறியது.

குன்றின் மேல் நெல்லைச் சுமந்து ஏற்றியவர் யார் என்பதை எந்தக் கட்டடமும் கூறுவதில்லை. இராஜகிரியின் உச்சியை அடைய இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறவேண்டும். இடையில் ஆழ்ந்த பிளவு ஒன்றைப் பாலத்தால் கடக்கவேண்டும். வெறுங்கையோடு ஏறுவோரே இளைப்பாறிச் செல்லும் வழியில், ஒவ்வொரு மூட்டையும் ஒருவர் தலையில் ஏறிச் சென்றிருக்கும். அவ்வுழைப்பின் பயன் 1690 முதல் 1698 வரை நிகழ்ந்த முகலாய முற்றுகையில் வெளிப்பட்டது. கோட்டைக்குள் சிவாஜியின் மகன் இராஜாராம் இருந்தார். வெளியே சுல்பிகார் கானின் படை. சாந்தாஜி, தனாஜி ஆகிய மராத்தியத் தளபதிகள் வழிகளைத் துண்டித்தபோது, உணவின்றித் தவித்தவர்கள் முற்றுகையிட்டவர்களே. 1693இன் தொடக்கத்தில் சுல்பிகார் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செஞ்சி எட்டாண்டுகள் நின்றதற்கு மதிலின் உயரத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் நிறைவான விளக்கமாகாது.

செஞ்சி வழங்கிய கடற்கரை

சோழமண்டலக் கடற்கரையின் காலனியக் குடியிருப்புகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து கரையை நோக்குவன. கரையிலிருந்து உள்நாட்டை நோக்கின், ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வரும் பெயர் செஞ்சி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் தங்கிவணிகம் செய்ய டச்சுக்காரர்கள் அனுமதி பெற்றது கிருஷ்ணப்ப நாயக்கரிடம். 1681இல் கடற்கரையில் வணிக நிலையம் அமைக்கும் உரிமை நாடிச் சென்னையிலிருந்து ஆங்கிலக் கம்பெனி அனுப்பிய எலிகு யேல் வந்து சேர்ந்த இடம், மராத்தியர் சார்பில் ஹர்ஜி ராஜா ஆண்ட செஞ்சி.

1690இல் நிகழ்ந்தது இவற்றினும் குறிப்பிடத்தக்கது. முகலாய முற்றுகைக்கு எதிராகப் பணம் தேவைப்பட்ட இராஜாராம், தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவரும் யேலே. கோட்டையோடு, அதிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவிலுள்ள நிலமும் சேரும் என்பது விற்பனையின் நிபந்தனை. அவ்வாண்டு செப்டம்பரில் நாற்றிசையும் குண்டு சுடப்பட்டு எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. கோட்டை புனித தாவீது கோட்டையாயிற்று. கடலூர் பின்னர் தென்னார்க்காட்டின் தலைநகராயிற்று.

நில எல்லை வகுக்கும் தமிழ் மரபில் கிழக்கெல்லை, மேற்கெல்லை எனப் பெருநான்கெல்லை கூறி, வாய்க்காலையும் வரப்பையும் மரத்தையும் கள்ளியையும் சான்றாக்குவர். உழவர் அறிந்த அடையாளங்களால் அமைவது அது. குண்டு கிராமங்களின் எல்லையோ பீரங்கியின் ஆற்றலால் அமைந்தது. பயிர்நிலத்தை அளக்கும் கருவி மாறியதன் முதற்சான்றுகளுள் ஒன்றாக இந்நிகழ்வைக் கருத இடமுண்டு. அதற்கு ஒப்புதல் முத்திரை இட்டது, களஞ்சியங்களை நம்பி முற்றுகையைத் தாங்கிக்கொண்டிருந்த செஞ்சி என்பது வரலாற்றின் முரண்.

1750 முதல் 1761 வரை

அறுபது ஆண்டுகளுக்குப் பின் திசை மாறியது. 1749இல் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைச் சந்தா சாகிபிடமிருந்து பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் ஓரிரவுத் தாக்குதலில் செஞ்சியைக் கைப்பற்றினர். எட்டாண்டுகள் முகலாயரைத் தடுத்த கோட்டை ஓரிரவில் வீழ்ந்தது ஐரோப்பாவரை பேசப்பட்டது. பாகூர் ஏரிப் பாசன நிலம். வில்லியனூர் சங்கராபரணி பாயும் நிலம். செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் அவ்வாறு செஞ்சியாறு எனவும் வழங்கும். நெல் விளையும் ஊர்களையும் அவற்றின் மேற்கே உள்ள கோட்டையையும் அடுத்தடுத்துப் பெற்றதில் துய்ப்ளெக்சின் நோக்கம் தெளிவு. கிடங்கின் ஊருக்குக் களஞ்சியம் தேவைப்பட்டது.

அக்களஞ்சியம் தேவைப்பட்ட வேளையில் உதவவில்லை. 1760இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டபோது நகரில் உணவு அருகியது. உணவைக் காக்க எண்ணிய பிரெஞ்சுத் தளபதி லாலி, நகரிலிருந்த தமிழர்களை வெளியேற்றினார். ஆங்கிலப் படையோ அவர்களை முதலில் வழிவிடாது தடுத்தது. இரு படைகளுக்கும் இடையில் சிக்கிய அம்மக்கள் பட்ட துயரம் அக்காலப் போர்க் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1761 சனவரியில் மறைந்தார். அதே மாதம் புதுச்சேரி பசியால் சரணடைந்தது. அப்போதும் செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. சாலை வழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவே உள்ள கோட்டையும் அதன் களஞ்சியங்களும் நிற்க, புதுச்சேரி பட்டினியால் வீழ்ந்தது. இடைப்பட்ட நாடு ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் செஞ்சியின் காவற்படைத் தலைவர் மக்கிரகரும் கப்டன் ஸ்மித்திடம் கோட்டையை ஒப்படைத்தார்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நாள்தோறும் அங்கு உலாவ வருவோர் பலர் அவற்றைப் பிரெஞ்சுக் காலக் கலைப்பணி என்றே எண்ணுகின்றனர். நெல் செல்லாத வழியில் தூண்கள் சென்றன.

நெல் பணமானபோது

1780இல் ஐதர் அலியின் படை கைப்பற்றியதற்குப் பின் செஞ்சியில் குறிப்பிடத்தக்க போர் நிகழவில்லை. ஆனால் களஞ்சியங்கள் பயனிழந்தமைக்குப் போரின்மை மட்டும் காரணமன்று.

நாயக்கர் காலம் முதல் நிலவருவாயின் அடிப்படை விளைச்சலின் பங்கே. களத்தில் நெல் தூற்றி அளந்தபின், அரசுக்குரிய மேல்வாரமும் உழுதவர்க்குரிய குடிவாரமும் பிரிக்கப்பட்டன. அதற்கு முன்னரே ஊர்ப்பணியாளர்க்குரிய களத்துப் பங்குகள் அளிக்கப்பட்டன. மேல்வாரம் நெல்லாக வந்தவரை அதனை வைக்க இடம் வேண்டும். களஞ்சியம் அவ்வகையில் வரித்துறைக் கட்டடம். இன்றைய சொல்லில் கூறின் கருவூலம். நவாபுகள் காலத்தில் குத்தகை முறை பரவியபோதே வருவாயின் ஒரு பகுதி பணமாக மாறத் தொடங்கிவிட்டது. 1801 சூலையில் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. தாமஸ் மன்றோ சென்னையின் ஆளுநராக இருந்த 1820 முதல் 1827 வரையான காலத்தில் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, பணமாகத் தீர்வை விதிப்பது அம்முறை. விளைச்சலை விற்றுப் பணமாக்கும் பொறுப்பு அரசிடமிருந்து உழவரிடம் மாறியது. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்தால் இழப்பும் அவருடையதாயிற்று. அரசின் கையில் நெல் இல்லை. ஆகவே களஞ்சியத்திற்கு வேலையில்லை.

கம்பெனி ஆட்சி களஞ்சியமே கட்டவில்லை எனல் பொருந்தாது. 1770ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் விளைவாகப் பாட்னாவில் 1786இல் எழுப்பிய கோல்கர், 29 மீட்டர் உயரமுள்ள தேன்கூடு வடிவக் களஞ்சியம். சுற்றுப்படி வழியே ஏறி உச்சித் துளையில் தானியம் கொட்டும் அமைப்புடையது. பஞ்சத்தை என்றென்றும் தடுக்க என அதில் கல்வெட்டும் உண்டு. அது ஒருபோதும் நிரம்பவில்லை, அத்திட்டமும் தொடரவில்லை. தானிய விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது சென்னை மாகாண அரசு தன் பொறுப்பில் தானியம் வாங்கியதை இந்திய அரசு கண்டித்தது அக்கொள்கையின் முதிர்ந்த நிலை. செஞ்சிக் களஞ்சியங்களின் வெறுமையை இப்பின்னணியில் நோக்கும்போது, அது ஓர் ஊரின் நலிவாக மட்டும் தோன்றாது.

பாதுகாப்புச் சட்டமும் பயிர்நிலமும்

செஞ்சிக் கோட்டை 1921இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு இன்றும் அடிப்படை நூல். அரச மரபுகளையும் போர்களையும் நிரல்படுத்துவதில் அதற்கு ஈடில்லை. கட்டடங்களின் பயன்பாட்டு வரலாறு அதன் நோக்கம் அன்று. பின்வந்தோர் அந்நூலின் போர்ப் பகுதிகளையே சுருக்கியும் விரித்தும் எழுதியமை ஒரு குறை.

1958ஆம் ஆண்டுத் தொல்பொருட் சின்னங்கள் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகும். சுற்றுலா விடுதிகள் பெருகாமல் தடுக்க இது இன்றியமையாதது. மதிலை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கோ மாட்டுக்கொட்டகை எழுப்பவும் சட்டம் குறுக்கே நிற்கும். கோட்டை வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் இன்றும் விளைகின்றன. உலக மரபு அறிவிப்பால் வருகையாளர் பெருகும்போது அழுத்தம் முதலில் விழுவது இவ்வேளாண் நிலங்களின் மீதே. வயலை விலக்கிப் புல்தரை அமைத்தல், தொல்லியல் இடங்களை அழகுபடுத்தும் வழக்கமான முறைகளுள் ஒன்று. செஞ்சியில் அவ்வாறு செய்தால் களஞ்சியம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதன் கண்கூடான விளக்கம் அழிந்துபடும்.

எனவே செப்பனிடும் பணிகள் தொடங்குமுன் செய்யவேண்டியவை சில உள. களஞ்சியங்கள் ஒவ்வொன்றின் உள்ளளவையும் கண்டு, கலக் கணக்கில் கொள்ளளவை வரையறுத்தல் முதற்பணி. பழைய சாந்தின் மேல் புதுப்பூச்சு ஏறிவிட்டால், தானியம் உராய்ந்த உயரத்தைச் சுவரில் காண இயலாது. சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம் ஆகியவற்றின் வரத்து வாய்க்கால்களையும் போக்குக் கால்வாய்களையும் வரைபடமாக்குதல் அடுத்தது. சிங்கவரம், மேலச்சேரி, நரசிங்கராயன்பேட்டை உள்ளிட்ட சுற்றூர்களில் வயல்கள், மதகுகள், களங்கள் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் தமிழ்த் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. நிலப்பதிவேடுகளில் புல எண்கள் மட்டும் நிற்க, வயற்பெயர்கள் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன.

செஞ்சியில் நெல் சேர்வது இன்றும் நிற்கவில்லை. சுற்றுவட்டார உழவர்கள் கொணரும் நெல் மூட்டைகள் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் குவிகின்றன. வரத்து மிகும் நாள்களில் மூட்டைகள் திறந்தவெளியில் அடுக்கப்பட்டு, மழை அறிகுறி தோன்றினால் தார்ப்பாயால் மூடப்படுகின்றன.